அடித்தல் திருத்தல்

உக்காருங்க அண்ணாச்சி. எந்திரிச்சு எந்திரிச்சு எட்டிப் பாத்தா சர்வர் வந்துராது. காலைல பத்தரைக்கு வந்துச்சு, மூணு பத்திரம் முடிஞ்சுது, திரும்பவும் படுத்துட்டு. உள்ள ரிஜிஸ்தரம்மாவே சும்மாதான் உக்காந்திருக்காங்க. வந்தா டோக்கன் நம்பரைக் கூப்பிடுவாங்க. நமக்கு ஒம்பது. இப்ப மூணுல நிக்கி.

அதுக்குள்ள இந்த நாலாம் பக்கத்துல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க. கீழ இல்ல, கீழதான் போட்டாச்சே. ஓரத்துல, நான் பேனாவால அடிச்சிருக்கேன் பாருங்க, அதுக்கு நேரா. கிணத்துல பாதிப் பாத்தியம்னு டைப் ஆயிட்டு. உங்களுக்கு மூணுல ஒண்ணுதானே. அதை அடிச்சு மேல எழுதியிருக்கேன். எழுதுறது என் கைதான், ஆனா சொத்து உங்களோடது, சம்மதமும் உங்களோடதா இருக்கணும். ஒரு எழுத்தை அடிச்சாலும் எழுதிக் கொடுக்கிறவரு பக்கத்துல கையெழுத்துப் போடணும். இல்லைன்னா அந்தத் திருத்தம் செல்லாது. முப்பத்தோரு வருஷமா இந்த ஆபீஸ் வாசல்ல பத்திரம் எழுதுதேன். பொன்னம்பலம் எழுதுன பத்திரம் அடித்தல் திருத்தல்னு ஒருநாளும் திரும்பி வந்ததில்லை. யாருகிட்ட வேணாலும் கேட்டுப் பாருங்க.

அப்படியே முதல் பக்கத்துல இந்த வரியை ஒருதடவை வாசிச்சுக்கிடுங்க. 'நான் என் முழு சுயநினைவோடும், பிறர் தூண்டுதல் ஏதுமின்றியும், மனப்பூர்வமாக என் மகளுக்கு எழுதிக் கொடுத்த தானசெட்டில்மென்ட் பத்திரம்.' உள்ள அந்தம்மா கேப்பாங்க, சுயநினைவோடதான் கொடுக்கீங்களான்னு. ஆமான்னு சத்தமாச் சொல்லணும். நீங்க வந்ததுலருந்து கொட்டாவி விட்டுக்கிட்டு இருக்கீங்க, அவங்களுக்கு சந்தேகம் வந்துரும். ஒரு டீ சொல்லட்டா?

இருங்க, போன் சத்தம் கேட்டுது. ஒண்ணுமில்ல. லோன் வேணுமான்னு கேக்கான்.

என் மக கூப்பிடுவான்னு பாக்கேன். அதான் போனை மேசைமேலயே வச்சிருக்கேன். சண்முகவடிவுன்னு பேரு. டாக்டர். எம்.பி.பி.எஸ். முடிச்சு ஒரு நர்சிங் ஹோம்ல டூட்டி பாத்துக்கிட்டு இருக்கா. மேற்படிப்பு சீட்டு யாருக்கு எங்கன்னு இன்னைக்கு மதியத்துக்கு மேல வருதாம். போன வருஷம் கிடைக்கலை. இது ரெண்டாவது தடவை. ஒங்க மக என்ன செய்யுதா? பி.காம்மா? நிம்மதி. எழுதி வச்ச வீட்டுல போயி நிம்மதியா இருப்பா. டாக்டருக்குப் படிக்க வச்சா வீட்டுல ஒருத்தருக்கும் தூக்கம் கிடையாது.

போன வருஷம் ஏன் கிடைக்கலைன்னு கேக்கீங்க. எல்லாரும் அதைத்தான் கேக்காங்க. சொல்லுதேன், நேரம் கிடக்குல்லா. கேட்டுட்டு நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க.

பரீட்சைல ராங்க் வந்துச்சு. பதினாறாயிரத்துச் சொச்சம். இந்தியா முழுக்க ரெண்டு லட்சம் பேரு எழுதுனதுல பதினாறாயிரம்னா குறைச்சலா? ராங்க் வந்தபொறவு கம்ப்யூட்டர்ல ஒரு லிஸ்ட் போடணும். எந்தக் காலேஜு, என்ன படிப்பு, நமக்குப் பிடிச்ச வரிசையில. எத்தனை வரி வேணாலும் போடலாம். மேலருந்து பாத்துக்கிட்டே வந்து நம்ம ராங்குக்கு எது கிடைக்குமோ அதைக் கொடுத்துருவாங்க. ஒண்ணுமே ஒத்து வரலைன்னா ஒண்ணும் கிடையாது. அவ்வளவுதான் விஷயம்.

வடிவுக்கு அப்ப விடாம டூட்டி. ஒரு நோட்டுல நூத்துப் பத்து வரி எழுதி எங்கிட்ட கொடுத்துட்டுப் போனா. 'அப்பா, இதை அப்படியே ஏத்திருங்க. ஓ.டி.பி. உங்க போனுக்குத்தான் வரும்'ன்னா. ஊருக்கே மனு எழுதிக் கொடுக்குறவன் நான். எங்கிட்ட இதெல்லாம் சொல்லணுமா?

நோட்டைத் திறந்து பாத்தா, அண்ணாச்சி, எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. முதல் வரியிலயே மயக்க மருந்து. கோயம்புத்தூர், மயக்க மருந்து. அடுத்து மதுரை, மயக்க மருந்து. இப்படியே பத்து இருபது வரி. பிறகு ஜெனரல் மெடிசின், பிறகு என்னென்னமோ. தோலு டாக்டர் படிப்பு நூத்து மூணாவது வரியில கிடக்கு. பாவம், பிள்ளை தூக்கக் கலக்கத்துல வரிசையைத் தலைகீழா எழுதிட்டான்னு நினைச்சேன்.

ஏன்னா தோலுதான்னு நாங்க பேசி முடிச்ச விஷயம். நாங்கன்னா, நான். காந்திமதியும் கூட இருந்தா, என் வீட்டுக்காரி. அவ ஒண்ணும் மறுத்துச் சொல்லலை. வடிவும் ஒண்ணும் சொல்லலை, அன்னைக்கு டூட்டிக்கு நேரமாயிட்டுன்னு கிளம்பிப் போயிட்டா. தோலு டாக்டர்னா என்ன சுகம் தெரியுமா? ஏ.சி. ரூம். ரத்தம் கிடையாது. நடுராத்திரி எவனும் கதவைத் தட்டி எனக்கு அரிக்குன்னு நிக்க மாட்டான். வாசல்ல கூட்டம் டோக்கன் வாங்கிக் காத்துக்கிடக்கும்.

இந்த மயக்க டாக்டருக்கு என்ன இருக்கு சொல்லுங்க. நோயாளி கண்ணை மூடுனபொறவுதான் அவங்களுக்கு வேலையே. முழிச்சுப் பாத்தா சர்ஜனைக் கும்பிட்டுட்டுப் போயிருவான். மயக்க டாக்டர்னு வாசல்ல போர்டு மாட்டியிருக்கிற வீட்டை எங்கயாவது பாத்திருக்கீங்களா? பொண்ணு பாக்க வாறவங்க என்ன படிச்சிருக்கான்னு கேட்டா, ஊசி போட்டுத் தூங்க வைப்பான்னா சொல்ல முடியும்?

அதான், திருத்துனேன்.

நாம ஒரு இடத்துக்கு விலை பேசுதோம்னு வச்சுக்கிடுங்க. பத்து கேப்போம். எட்டுக்கும் கொடுப்பேன், அஞ்சுக்கும் கொடுப்பேன்னு எவனாவது நம்ம கையால எழுதிக் கொடுப்பானா? எழுதிக் கொடுத்தா எதிராளி பத்து தருவானா? அஞ்சைத்தான் தருவான். வேண்டாத ஷரத்தை நாமே பத்திரத்துல எழுதக் கூடாது, இது எங்க தொழில்ல பாலபாடம். நூத்துப் பத்து வரியையும் போட்டா, சரி இந்தப் பிள்ளைக்கு எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கிடும்னு நினைச்சு அவன் கடைசியில கிடக்கிறதைத் தூக்கிக் கொடுத்துருவான். அதனால ஆறே வரி. ஆறும் தோலு. கண்டிப்பா நின்னா அவனே இறங்கி வருவான்னு ஓ.டி.பி.யைப் போட்டு லாக் பண்ணிட்டேன்.

அவன்னா யாருன்னு கேக்கீங்களா? கம்ப்யூட்டர்தான். வடிவும் இதையேதான் கேட்டா. இதே மாதிரி முழிச்சுப் பாத்துக்கிட்டேதான் கேட்டா.

முதல் ரவுண்டுல ஒண்ணும் வரலை. வடிவு, 'ஏன்ப்பா, எனக்கு ஏதாவது வந்திருக்கணுமே'ன்னா. 'முதல் ரவுண்டு அப்படித்தான்மா இருக்கும்'ன்னேன். அடுத்த ரவுண்டுக்கு, 'நான் கொடுத்ததை அப்படியே போட்டீங்கல்லா'ன்னா. 'போட்டாச்சு, போட்டாச்சு'ன்னேன். போடத்தானே செஞ்சேன், அந்த ஆறையும்தான் போட்டேன். இப்படியே கடைசி ரவுண்டும் போயிட்டு. அவகூட டூட்டி பாத்த இன்னொரு பிள்ளைக்கு இவளைவிட ரெண்டாயிரம் ராங்க் பின்னால. அதுக்கு மதுரையில மயக்க மருந்து கிடைச்சிட்டு. அன்னைக்குத்தான் இவ போயி கம்ப்யூட்டரைத் திறந்து பாத்திருக்கா. ஆறு வரி கிடக்கு.

வீட்டுக்கு வந்தா. கத்துவான்னு நினைச்சேன். கத்தலை. நோட்டை எடுத்து மேசைமேல வச்சா. 'நூத்து நாலு வரியை அடிச்சிருக்கீங்களே அப்பா, என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?'ன்னா. அவ்வளவுதான். உள்ள போயிட்டா.

அதுக்குப் பொறவு நாலு மாசம் பேசலை, அண்ணாச்சி. ஒரே வீடு, ஒரே சோத்துப் பானை. நான் எதிர்ல உக்காந்திருப்பேன். 'அம்மா, அப்பாவைப் பிரஷர் மாத்திரை போடச் சொல்லு'ம்பா. காந்திமதி என் பக்கம் திரும்பி, 'மாத்திரை போடணுமாம்'பா. நான், 'போட்டாச்சுன்னு சொல்லு'ம்பேன். அவ அந்தப் பக்கம் திரும்பி, 'போட்டாச்சாம்'பா. ஒருநாள் காந்திமதிக்கே வெறுத்துப் போயி, 'நான் என்ன ரெண்டு பேருக்கும் நடுவுல போஸ்ட் ஆபீஸா வச்சிருக்கேன்'னு ரசக் கரண்டியோட எந்திரிச்சுப் போயிட்டா. அன்னைக்கு யாரும் யாருகிட்டயும் ரசம் கேக்க முடியாமப் போயிட்டு.

இதுல நம்ம ஆபீஸ் ஆட்கள் வேற. அந்தா நிக்காரே, ஸ்டாம்ப் வெண்டர் ஆறுமுகநயினார். நான் முந்தியே எல்லாருகிட்டயும் என் மக தோலு டாக்டர்னு சொல்லித் தொலைச்சிருந்தேனா, அவரு தினமும் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டுவாரு. 'தேமலுக்கு மகளை ஒரு ஆயின்மென்ட் கேட்டுச் சொல்லும்'பாரு. மக என்கிட்ட வாயே திறக்க மாட்டேங்கா, இவருக்கு நான் எங்க போயி ஆயின்மென்ட் கேக்க? நானே மெடிக்கல்ல ஒண்ணு வாங்கி, மக கொடுத்தான்னு கொடுத்தேன். சிரிக்காதீங்க, அவருக்கு அந்த மருந்து கேட்டுட்டு. இப்ப பக்கத்து ஆபீஸ்லருந்தெல்லாம் வந்து காட்டுதாங்க.

நான் தப்பு செஞ்சேனா? நல்லதைத்தான் நினைச்சேன். அதைத்தான் திரும்பத் திரும்ப எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருந்தேன். மனசுக்குள்ள எதிர்த்துச் சொல்ல ஆள் கிடையாதுல்லா.

பேச்சு எப்ப வந்துச்சுன்னு கேக்கணும் நீங்க. மாசி மாசம் எனக்கு ஹெர்னியா ஆபரேசன். அவ டூட்டி பாக்குற இடத்துலதான். முழு மயக்கம் கொடுக்கணும்னுட்டாங்க. நான் பயப்படலை. எதுக்குப் பயப்படணும்? அந்த மயக்க டாக்டரம்மாகிட்ட, 'முழிச்சுருவேன்லாம்மா'ன்னு ஒரு மூணு தடவை கேட்டேன், அவ்வளவுதான். காந்திமதி ஏழு தடவைங்கா. சவத்தத் தள்ளுங்க, அவ உள்ளயே வரலை.

படுக்க வச்சு மேல ஒரு பெரிய லைட்டைப் போட்டாங்க. சர்ஜன் கால்மாட்டுல யாருகிட்டயோ கிரிக்கெட் பேசிக்கிட்டு இருக்காரு. தலைமாட்டுல அந்தம்மாவும், பச்சை உடுப்பு போட்டுக்கிட்டு இன்னொரு பிள்ளையும். மாஸ்க்குக்கு மேல கண்ணைப் பாத்தா, நம்ம வடிவு. நாலு மாசமா மூஞ்சியைப் பாக்காத பிள்ளை, குனிஞ்சு என்னையே பாத்துக்கிட்டு நிக்கி. என் நெத்தியில கையை வச்சா. கை சுடச்சுட இருந்துச்சு. அப்பதான் பயமே வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். 'நான் இங்கேயேதான் இருப்பேன்'ன்னா. நேரா எங்கிட்டயே சொன்னா, அம்மாகிட்ட இல்ல. அதுக்குப் பொறவு ஒண்ணும் தெரியாது.

முழிப்பு வரும்போது நான் ஏதோ பேசியிருக்கேன். ஒரு பத்து நிமிசம் விடாமப் பேசுனேனாம். எனக்கு ஒத்தை வார்த்தை ஞாபகம் இல்ல. நல்லாக் கண்ணு தெரிஞ்சு பாத்தா, வடிவு பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்திருக்கா. கண்ணு வீங்கியிருக்கு, ஆனா சிரிக்கா. 'சாயங்காலம் காபி தாரேன், அதுவரைக்கும் பேசாமப் படுங்கப்பா'ன்னா. அன்னைலருந்து பேச்சு வந்துட்டு. நான் என்ன சொன்னேன்னு எத்தனையோ தடவை கேட்டுட்டேன். 'ஒண்ணுமில்லைப்பா'ம்பா, சிரிச்சுக்கிட்டே போயிருவா. காந்திமதிக்கும் தெரியும் போலருக்கு, அவளும் சொல்ல மாட்டேங்கா. அனேகமா காபிதான் கேட்டிருப்பேன். காலைலருந்து பச்சைத்தண்ணி கொடுக்கலையே.

அதுக்குப் பொறவு உக்காந்து படிச்சா பாருங்க. டூட்டிக்குப் போயிட்டு வந்து படிப்பா. பஸ்ல படிப்பா. ரெண்டாவது தடவை எழுதுறவளுக்கு ஊரு வாய் வேற. கல்யாண வீட்டுக்குப் போனா, 'இன்னுமா சீட்டு கிடைக்கலை?'ம்பாங்க. எனக்குச் சுருக்குன்னு இருக்கும். அவ, 'வரிசையில நிக்கேன் அத்தை'ன்னு சிரிச்சுட்டுப் பந்திக்குப் போயிருவா. இந்த வருஷம் பன்னெண்டாயிரத்துச் சொச்சம். நாலாயிரம் முன்னால வந்துட்டா. ஒரு வருஷம் தள்ளிப் போனதும் நல்லதுக்குத்தான்னு காந்திமதிகிட்ட சொன்னேன். அவ தோசைக்கரண்டியைக் கீழ வச்சுட்டு என்னை ஒரு பார்வை பாத்தா. பொறவு நான் அதைச் சொல்லலை.

இந்த வருஷம் லிஸ்ட் போட எனக்குச் சிரமம் கொடுக்கலை. ஓ.டி.பி.க்குத் தன் நம்பரையே கொடுத்துட்டா. பாஸ்வேர்டையும் மாத்திட்டா. அப்பாவை அலைக்கழிக்க வேண்டாம்னு நினைச்சிருப்பா. அவ குணம் அப்படி. ஆனாலும் போன் சத்தம் கேட்டா ஓ.டி.பி.யோன்னு கை போயிருது. என்னத்தைப் போட்டிருக்கான்னு எனக்குத் தெரியாது. நான் கேக்கலை. கேக்கணும்னுதான் இருந்துச்சு. கேக்கலை. இந்தத் தடவையும் இல்லைன்னா பிள்ளை என்ன செய்வா? இருவத்தேழு வயசாகுது. மூணாவது தடவை எழுதுன்னு அவகிட்ட சொல்ல எனக்கு எந்த வாய் இருக்கு? ராத்திரி முழுக்க அதைத்தான் நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன்.

இருங்க. போன். அவதான், அண்ணாச்சி. அவதான்.

ஹலோ. சொல்லும்மா. ஆமா, ஆபீஸ் வாசல்லதான். வந்துட்டா? கிடைச்சுட்டா? எங்க? கோயம்புத்தூரா. கவர்மெண்ட் காலேஜ்தானே. நல்லது, நல்லது. எதுல?

ம்.

இல்லம்மா, கேக்குது. நல்லாக் கேக்குது. எத்தனாவது வரி? ஓ. முதல் வரியா. போன வருஷமும் அதானே மேல இருந்துச்சு. ஆமா. இருந்துச்சு, பாத்தேன்.

ஏளா, வச்சுராத. ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு ஆபரேசன் முடிஞ்சு நான் என்ன சொன்னேன்? சும்மா சொல்லு. இன்னைக்கு ஒருநாள் சொல்லேன். ம். ம். யாருகிட்ட? அந்தம்மா கையைப் பிடிச்சுக்கிட்டா? எத்தனை தடவை? சரி. சரிம்மா. வை, டூட்டியைப் பாரு. அம்மாவுக்கு நீயே சொல்லிரு.

கிடைச்சுட்டு அண்ணாச்சி. மயக்கம்தான். தலைமாட்டுல நிக்குற வேலை. அவ கேட்டதையே கொடுத்துட்டான், முதல் வரியையே கொடுத்துட்டான். பேரம் பேசவே இல்லை பாருங்க. ஆறுமுகநயினாரை இனி வேற ஆளைத்தான் பாக்கச் சொல்லணும்.

கொஞ்சம் தண்ணி இருந்தா கொடுங்க.

நான் காபி கேக்கலையாம். அந்த மயக்க டாக்டரம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு, 'எம்பிள்ளை எழுதுனதை நான் அடிச்சுட்டேன், அவகிட்ட கேக்காம அடிச்சுட்டேன், என் கை செஞ்ச தப்பு, அவ என்கூடப் பேசணும்னு நீங்க சொல்லுங்கம்மா'ன்னு சொல்லியிருக்கேன். அதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கேன். வடிவு பக்கத்துலயே நின்னுருக்கா. எனக்கு அது யாருன்னே அடையாளம் தெரியலையாம்.

பத்து மாசமா அவ அதைத்தான் வச்சுக்கிட்டு என்கூடப் பேசிக்கிட்டு இருந்திருக்கா. எனக்கு எவ்வளவு வெக்கமா இருக்கு தெரியுமா. பக்கத்துல கையெழுத்துப் போடுங்கன்னு முந்தி உங்ககிட்ட எவ்வளவு சட்டம் பேசுனேன்.

அந்தப் பத்திரத்தை இங்க கொடுங்க. முதல் பக்கம். நான் வாசிச்சுக் காட்டுனேனே, அந்த வரி. முழு சுயநினைவோடும். பாத்தீங்களா? மயக்கத்துல சொன்னது செல்லாது அண்ணாச்சி. உள்ள ரிஜிஸ்தரம்மாகிட்ட போனா தூக்கித் தூரப் போட்டுருவாங்க. முப்பத்தோரு வருஷம் எழுதுனவன், எனக்குத் தெரியாதா?

என்ன சத்தம்? சர்வர் வந்துட்டு போலருக்கு. நாலாம் நம்பரைக் கூப்பிடுதாங்க. கூப்பிடட்டும், நமக்கு ஒம்பதுதானே. நீங்க உக்காருங்க. சாட்சிக்கு ஒரு ஆள் வேணும். பத்திரத்துக்குன்னா ரெண்டு பேரு இருக்கணும், நான் இப்ப சொல்லப் போறதுக்கு ஒருத்தர் போதும்.

வடிவுக்குப் போட்டுட்டேன். அந்தப் பக்கம் அடிக்குது.

ஹலோ, வடிவு. ஒண்ணுமில்லம்மா, பதறாத. உடம்புக்கு ஒண்ணுமில்ல. டூட்டியில ஒரு நிமிசம் ஒதுங்கி நில்லு. அப்பாதான் பேசுதேன். முழிச்சுத்தான் இருக்கேன், கேளு.